ஆப்பிளுக்குப் பின்னால் டீக்கறை

அலிஸ்டர் பிம் எங்கள் கல்லூரிக்கு ஊடகவியல் நடத்த வந்ததிலிருந்து நகலெடுக்கும் அறையில் வண்ண மை நிற்பதே இல்லை. அந்த அறை இருபத்திரண்டு வருடங்களாக என் பொறுப்பு. கணக்கு வாத்தியார் கறுப்பு வெள்ளையில் கேள்வித்தாள் கேட்பார், வாங்கிக்கொண்டு போய்விடுவார். அலிஸ்டர் அப்படியில்லை. திங்கட்கிழமை காலையில் சைக்கிள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பத்திரிகை அட்டையோடு வந்து நிற்பார். அட்டை முழுக்க அம்புக்குறிகள். ஒவ்வொரு அம்பின் வாலிலும் ஒரு சொல்: அதிகாரம், ஆசை, ஒடுக்குமுறை. பல் விளக்கும் பசை விளம்பரத்தில்கூட ஒடுக்குமுறையைக் கண்டுபிடித்துவிடுவார். இங்கிலாந்தின் தெற்கே சர்ரே பக்கத்திலிருந்து வடக்கே எங்கள் பர்ன்லிக்கு வந்தவர். எங்கள் ஊர் மழையையும் ஏதோ கோட்பாடு வைத்துத்தான் பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, 'ரோஸ்மேரி' என்ற பெண்கள் வார இதழின் பழைய அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, அக்டோபர். இதழே நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. முப்பது நகல் ஓடிக்கொண்டிருந்தபோது பெவர்லி எண்ட்விசில் உள்ளே வந்தாள். கல்லூரி கேன்டீனில் பத்தொன்பது வருடமாகப் பரிமாறுகிறவள். வாராவாரம் சாப்பாட்டுப் பட்டியலை நகலெடுக்க வருவாள். வந்தவள் இயந்திரத்தின் தட்டில் விழுந்துகொண்டிருந்த தாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இத யாரு குடுத்தா?"

"அலிஸ்டர். கிளாஸுக்காம்."

"இது நான்தான், நாரிஸ்."

தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். க்ரீம் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு இளம்பெண். ஒரு கையில் ஆப்பிள், இன்னொரு கை கழுத்தில். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பார்வை கீழே, ஓரமாக.

"உன் மூக்கு மாதிரிதான் இருக்கு."

"மூக்கு மாதிரியா? என் மூக்கேதான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். தாழ்ந்த கண்கள்: பணிவு. திறந்த வாய்: ஆண் பார்வைக்கான அழைப்பு. ஆப்பிள்: ஏவாள், ஆதிப் பாவம். கழுத்தில் கை: தன்னையே ஒப்புக்கொடுத்தல்.

"ஒப்புக்குடுத்தலாமே," என்றாள். "கம்பளி அரிச்சுச்சு, அவ்வளவுதான்."

பட்டியல் நகலாகும்வரை நின்று கதையைச் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. பக்கத்து ஊரான நெல்சனில் கம்பளி நூல் ஆலையின் மாதிரி அறையில் வேலை. ஸ்வெட்டர் பின்னும் முறையை இதழோடு இலவசமாகக் கொடுக்கப்போவதாக ரோஸ்மேரிக்காரர்கள் சொன்னதால், மாதிரி ஸ்வெட்டரோடு அவளை மான்செஸ்டருக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த மாடல் அதைப் போட்டதும் துடைப்பக் குச்சிக்குச் சாக்கு மாட்டியது போல இருந்ததாம். புகைப்படக்காரர் சுற்றிலும் பார்த்தார். அறையில் பெவர்லி இருந்தாள், அளவும் சரியாக இருந்தது. ஆனால் ரயில் குலுங்கியதில் அவள் டீயை ஸ்வெட்டரின் நெஞ்சிலேயே கொட்டியிருந்தாள். கறையை மறைக்கத்தான் கையில் ஆப்பிள்.

"கண்ணு கீழ பாத்தது?"

"அந்தாளு ஒரு நாய் வளத்தான். என் பைக்குள்ள மூஞ்சிய விட்டு ஹாம் சாண்ட்விச்ச இழுத்துட்டு இருந்துச்சு. 'ஏய், கீழ போடு'ன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். அப்பத்தான் க்ளிக் பண்ணான்."

அதற்குப் பிறகு அவளை யாரும் படமெடுக்கக் கூப்பிடவில்லை. ஆலை மூடியது. டெர்ரி என்ற லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினோரு வருடம் பொறுத்து, அனுப்பிவைத்தாள். மகள் லீட்ஸில் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். பெவர்லிக்குக் கிடைத்தது கேன்டீன் கரண்டி.

அன்று மதியம் கேன்டீன் வரிசையில் ஹுமைரா என்ற மாணவி அந்தத் தாளைத் தட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் படிக்கிற, வாய் ஓயாத பெண்.

"பெவ் ஆன்ட்டி, இவளப் பாத்தீங்களா? பாவம். தான் ஒரு பொருளா ஆயிட்டோம்னுகூட இவளுக்குத் தெரியல."

"அவளுக்கு எல்லாம் தெரியும் கண்ணு. சிப்ஸுக்கு கிரேவி வேணுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அவ."

வரிசை கலைந்துவிட்டது. அடுத்த வகுப்புக்குப் பெவர்லியை ஏப்ரனோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க, தேவையில்லாத தாள்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அலிஸ்டருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தில் இருப்பவரே வகுப்புக்கு வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நாற்காலி இழுத்துப் போட்டார். பெவர்லி டீக்கறை, நாய், சாண்ட்விச் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். அலிஸ்டர் சிரிக்கவில்லை.

"உங்க அனுபவம் ரொம்ப முக்கியம் பெவர்லி," என்றார். "ஆனா அர்த்தம்ங்கறது படத்துக்கும் வாசகருக்கும் நடுவுல உண்டாகுது. எடுக்கும்போது என்ன நடந்துச்சுங்கறது அதுக்கு வெளிய."

"நாய் படத்துல இல்ல, அதனால நாயே இல்லங்கறீங்க."

"நாய் இருந்திருக்கலாம். அர்த்தத்துல இல்ல."

"சாண்ட்விச் போச்சே, அது எனக்கு அர்த்தமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் பட்டினி."

"அந்தப் படத்துல இருக்கறது நீங்க இல்ல, பெவர்லி. ஒரு குறிப்பான். பெண்மைங்கற கருத்தச் சுமக்கற ஒரு வடிவம். நாங்க எல்லாம் உங்க பக்கம்தான்."

"என் பக்கம்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க கண்ணு. எனக்கு நிக்க இடம் வேணும்."

அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் அலிஸ்டர் பெருந்தன்மையோடு ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்: இந்த வகுப்பு எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அது சும்மா வாய் உபசாரம். இடமிருந்தால் ஊழியர்களும் எந்தப் பாடத்திலும் சேரலாம் என்று கல்லூரி விதியிலேயே இருப்பதை ஹுமைரா தேடி எடுத்துக்கொடுத்தாள். அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்குப் பெவர்லி ஒரு கோடு போட்ட நோட்டுடன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சில மாதங்கள் அவளோடு வேலை செய்தது எங்களுக்கு ஒரு சோதனை. ஒரு அட்டையைப் பதிப்பாளர் நினைத்தபடியே ஏற்றும் வாசிக்கலாம், பாதி ஏற்றுப் பாதி மறுத்துப் பேரம் பேசியும் வாசிக்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று கற்றுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எதையும் ஏற்று வாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் என்று கேன்டீன் பலகையில் அவளே எழுதுவாள், பிறகு தள்ளி நின்று, வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்ற கிறிஸ்தவ மதம் அதில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவாள். என் டை ஒரு குறிப்பான் என்றாள். எதைக் குறிக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "தனியா இருக்கற ஆளு," என்றாள். சமையலறையில் கூட வேலை செய்தவரின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தோம். வழிபாட்டுத் தாளின் முகப்பில் இறந்தவர் மீன்பிடித் தூண்டிலோடு நிற்கும் படம். பெவர்லி என் காதில், "பாரு, மனைவிய வெட்டிட்டாங்க. தோள் மட்டும் தெரியுது," என்றாள். மனைவி முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாம் வருடம் ஒவ்வொருவரும் தாமே ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்து வகுப்பில் பேச வேண்டும். மற்றவர்கள் பாப் பாடகர்கள், கால்பந்து இதழ்கள் என்று எடுத்தார்கள். பெவர்லி எங்கள் கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டை எடுத்தாள். அதைப் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அட்டையின் நடுவில் அலிஸ்டர். கைகளைக் கட்டிக்கொண்டு மேலே எங்கேயோ பார்க்கிறார். பக்கத்தில் ஹுமைரா, முக்காடும் பாதுகாப்புக் கண்ணாடியும் சோதனைக் குழாயுமாக. வேதியியலை அவள் முதல் மாதமே விட்டுவிட்டாள். பின்னால் கேன்டீன். ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை மட்டும். மேலே பெரிய எழுத்தில்: 'உன் எதிர்காலம் இங்கே தொடங்குகிறது.'

பெவர்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நடுவுல ஆம்பள. மத்தவங்க எல்லாரும் அவரச் சுத்தி. வெளிச்சம் மேலேர்ந்து அவரு நெத்தில மட்டும் விழுது, சர்ச் ஜன்னல்ல புனிதருங்களுக்கு விழற மாதிரி. கையக் கட்டியிருக்காரு, அது அதிகாரம். சட்டைக் கைய மடிச்சு விட்டிருக்காரு, அது நானும் உழைப்பாளிதான்னு சொல்றதுக்கு. உழைக்கற கைன்னு இந்தப் படத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அத மணிக்கட்டோட வெட்டிட்டாங்க."

அலிஸ்டர் சிவந்துபோனார். "ஒரு நிமிஷம் பெவர்லி. அன்னிக்கு ஹீட்டர் ஓடல. குளிரு தாங்காமத்தான் கையக் கட்டினேன்."

"குளிருக்கா சட்டைக் கைய மடிச்சு விட்டீங்க?" என்று கேட்டாள் ஹுமைரா.

"அது போட்டோகிராபர் சொன்னாரு. மேல பாத்தது கடிகாரத்த. எனக்கு அடுத்த கிளாஸுக்கு நேரமாயிடுச்சு."

"கடிகாரம் படத்துல இல்லியே கண்ணு," என்றாள் பெவர்லி.

ஹுமைராதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. அலிஸ்டரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பேச்சுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான் போட்டார். அதன்பின் ஒரு மாதம் முழுக்கைச் சட்டையில் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார்.

பிள்ளைகள் பெவர்லியின் தாளைக் கொண்டுபோய் முதல்வர் அறைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார்கள். முதல்வர் அம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பிஸ்கெட் தட்டை எடுத்து வைத்ததைப் பார்த்ததுமே விஷயம் சிக்கல் என்று தெரிந்துவிட்டதாகப் பெவர்லி சொன்னாள்.

"நீங்க படிக்கறது எங்களுக்கெல்லாம் பெருமை, பெவர்லி. ஆனா கல்லூரியோட பேருன்னு ஒண்ணு இருக்கில்ல."

"என் கைய ஏன் வெட்டினீங்க?"

"டிசைன் பண்ணவங்க இடம் பத்தலன்னாங்க."

"அலிஸ்டருக்குப் பத்துச்சே."

முதல்வர் இதைச் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்தார். சரிசெய்தார். அடுத்த வருடக் கையேட்டில் கை இல்லை, கரண்டி இல்லை, கேன்டீனே இல்லை. கண்ணாடி மாட்டிக்கொள்ள ஹுமைரா மறுத்துவிட்டதால், முக்காடு போட்ட வேறொரு பெண்ணின் கையில் வயலினைக் கொடுத்து நிறுத்தினார்கள். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அச்சான பிறகுதான் இசை வாத்தியார் பார்த்தார்.

கோடையில் பரீட்சை வந்தது. அறுபதை எட்டிக்கொண்டிருந்த பெவர்லி, விளையாட்டு அரங்கில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, ஆடுகிற மேசையில் இரண்டேகால் மணி நேரம் எழுதினாள். கேள்வியில் இருந்ததும் ஒரு பழைய பெண்கள் இதழின் அட்டைதான், வேறொரு இதழ், வேறொரு பெண். வெளியே வந்தவளிடம் கேட்டேன்.

"என்ன எழுதின?"

"தாழ்ந்த கண்ணு, பணிவு. வாய், அழைப்பு. எல்லாம் அம்பு அம்பா எழுதிட்டேன்."

"அந்தப் பொண்ணு பக்கத்துலயும் ஏதாவது நாய் இருந்திருக்கும்னு எழுதலியா?"

"நாய்க்கு மார்க் இல்ல, நாரிஸ்."

இரண்டாம் தரத்தில் தேறினாள். சமையலறையில் எல்லோருமாகச் சேர்ந்து கேக் வாங்கினோம். வெட்டும்போது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன். அந்த ஸ்வெட்டர்க்காரப் பெண் அன்று பசியோடு நின்றது தனக்குத் தெரியும் என்றாள். தெரிந்தும், இன்னொருத்தியைப் பற்றி அதே அம்புகளை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். "ரெண்டு வருஷம் படிச்சு இதத்தான் கத்துக்கிட்டேன் போல," என்றாள். அன்று அவள் வேறு எதையும் வாசிக்கவில்லை. பிள்ளைகளுக்கான உதவி ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருந்தது, விண்ணப்பம் போட்டாள். கேன்டீனில் வேலை செய்த அனுபவம் இதற்குப் போதாது என்று பதில் வந்தது. கரண்டியைத் திரும்ப எடுத்தாள்.

அதே கோடையில் ஊடகவியல் பாடத்தையே மூடிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழே பேர். கல்லூரி அலிஸ்டரைக் கைவிடவில்லை, விளம்பரப் பிரிவில் போட்டது. இப்போதும் திங்கட்கிழமைகளில் என் அறைக்கு வருகிறார். தாளில் ஒரு அம்புகூட இருப்பதில்லை.

அவர் செய்த முதல் வேலை, பெற்றோர் பார்வையிடும் நாளுக்கான சுவரொட்டி. அதோடு கேன்டீனுக்கு வந்து, சிப்ஸும் மசித்த பட்டாணியும் வாங்கிக்கொண்டு, சுவரொட்டியைப் பெவர்லி பக்கம் திருப்பி வைத்தார். பச்சைப் புல்தரையில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் புல்லு எங்க இருக்கு?"

"இன்டர்நெட்ல காசு குடுத்து வாங்கின படம்."

"பிள்ளைங்க?"

"அவங்களும்தான்." அலிஸ்டர் ஒரு சிப்ஸை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியும் பெவர்லி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. சாப்பிடுங்க, ஆறிடும்."

நானூறு பிரதி அடித்துக் கொடுத்தேன். செப்டம்பரில் முந்தைய வருடத்தைவிட அறுபது பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். சுவரொட்டியின் வெற்றி என்று முதல்வர் கூட்டத்தில் அலிஸ்டருக்குக் கைதட்டச் சொன்னார். சேர்க்கைப் படிவத்தில் இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அந்தப் படிவங்களையெல்லாம் நகலெடுத்தது நான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள்: பஸ் வாசலிலேயே நிற்கிறது.