பாண் வேனும் மருத்துவிச்சியம்மாவின் குடையும்

ஒரு கறுப்புக் குடை. மழைக்கு விரித்த குடை அல்ல, மடக்கிய குடை. ரயில்வே கேட் போல ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்த குடை. போன வாரம் என் மகன் தன்னுடைய டெலிவரி வேனுக்குக் காப்புறுதி எடுப்பதற்காகக் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டே, “அப்பா, இதுல எதைப் போடலாம்?” என்று கேட்டான். உடனே என் கண்முன் வந்து நின்றது அந்தக் குடைதான். அதைப் பிடித்திருந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சியம்மா.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பழைய வேன் வாங்கினேன். அதுவரை ஹட்டன் டவுனில் ஒரு முதலாளியின் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். விடிந்தால் அவர் சத்தம், பொழுது சாய்ந்தால் அவர் சத்தம். சொந்த வேனின் சாவி கைக்கு வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரோ எங்கோ ஓட்டித் தேய்த்த வேன்தான். ஆனாலும் நீல வர்ணம் அடித்து, முன்னால் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது ஊரே கூடி நின்று பார்த்தது. மருத்துவிச்சியம்மா வேதக்காரர். எலுமிச்சம்பழம் நசுங்கி முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, தன் பங்குக்கு பொனட்டில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். இரண்டு பக்கப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டதென்று எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது பாதுகாப்புக்கு நான் ஹட்டனுக்குப் போனேன். காலையில் பேக்கரியில் பாண் ரொட்டியும் சந்தையில் முட்டைக்கோவா முதலான மரக்கறியும் ஏற்றி, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று டயகம வரைக்கும் கடைகளுக்குப் போடுவதுதான் தொழில். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவில் பனி. வேன் உருண்டால் மறுபடி முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். காப்புறுதி ஏஜென்ட் நிதானமான மனிதர். என் கைக்கு எட்டுவது இரண்டில் ஒன்றுதான் என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“இது ஃபுல் இன்சூரன்ஸ். வேன் கவுந்தா வேனுக்குக் கிடைக்கும். உள்ள ஏறுற ஆளுக்கு ஒண்ணும் கிடைக்காது. இது தேர்ட் பார்ட்டி, அதோட ஏறுற ஆளுக்கும் சேர்த்து. ஆனா வேன் போனா போனதுதான். நீங்க ஆள் ஏத்துவீங்களா?”

“பாணும் கோவாவும்தான் சார் ஏறும்,” என்றேன். ஃபுல் என்ற சொல்லே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அதையே எடுத்தேன். கையோடு வேன் கதவில் ‘ஆட்கள் ஏற்றப்படமாட்டார்கள்’ என்று வெள்ளை வர்ணத்தில் எழுதியும் வாங்கினேன்.

எங்கள் மலையில் ரோட்டில் போகிற எந்த வாகனமும் எல்லோருடைய வாகனம்தான். கை காட்டினால் நிறுத்த வேண்டும், நிறுத்தாதவனுக்கு ஊரில் பெயர் கெட்டுவிடும். கதவில் எழுதியிருந்ததை எல்லோரும் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தார்கள், வாசித்துவிட்டு ஏறினார்கள். “அது வெளி ஆளுங்களுக்குத்தானே தம்பி,” என்று ஒரு பெரியவர் கோவா மூட்டையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்படி எழுதியிருந்ததால், தங்களை மட்டும் பிரியமாக ஏற்றுகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் பெருமை வேறு. மருத்துவிச்சியம்மா மட்டும் நேராகவே கேட்டார். “ஃபுல்லுனு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற. அந்த ஃபுல்லுக்குள்ள மனுசன் இல்லையாக்கும்?” எனக்குக் கோபம் வந்தது. வேன் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது என்பது இந்த அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று முணுமுணுத்தேன்.

பிறகு ஒரு மழைக்காலக் காலை. டயகமவில் கடைசிப் பாணையும் போட்டுவிட்டு வெறும் வேனோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். வளைவு திரும்பினால் குடை. பின்னால் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்தபடி ஒரு பிள்ளைத்தாச்சி. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஹட்டனுக்குப் போயிருந்தது. அவளுக்கு முதல் பிள்ளை, அதுவும் கால் பக்கமாகத் திரும்பியிருப்பதாக மருத்துவிச்சியம்மா சொன்னார். லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

“அம்மா, இப்படி ஒரு ஆள ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்…” என்று இழுத்தேன்.

“பிள்ளை இன்சூரன்ஸ பாத்துட்டா வரும்? கதவத் திறடா!”

திறந்தேன். பாண் சாக்குகளை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். சரிவில் வேனை விரட்டினேன். பள்ளத்தில் விழுந்தால் வேனுக்குக் காசு வரும், இவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் வராது என்ற ஏஜென்டின் சொல் காதுக்குள்ளேயே சுற்றியது. பின்னாலிருந்து மருத்துவிச்சியம்மா ஒருநேரம் “மெதுவா!” என்பார், அடுத்த நிமிடமே “வெரசாப் போடா!” என்பார். பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பஸ் முளைத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். வேன் மலைப் பக்கம் சாய்ந்து, முன் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி, மட்கார்ட் கல்லில் மோதி நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள், தமிழர், சிங்களவர், கண்டக்டர் எல்லோருமாக இறங்கி வந்து ஒரே மூச்சில் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அதற்குமேல் பிள்ளை காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்புகிறேன், பின்னால் ஒரு அழுகை. புதுக்குரல்! நான் ஹோர்னை அடித்த அடியில் நர்ஸ்மார் எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். மருத்துவிச்சியம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பொட்டப் பிள்ளை. காலால நடந்தே வந்துட்டா,” என்று சிரித்தார். நான் அழுதேன், வெட்கப்படவில்லை. பாண் வாசத்தில் பிறந்த அந்தப் பிள்ளையை பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரார் ‘பாண்குட்டி’ என்றே கூப்பிட்டார்கள்.

மட்கார்ட் நசுங்கலுக்கு ஃபுல் இன்சூரன்ஸில் பணம் கேட்டிருக்கலாம். ஆள் ஏற்ற மாட்டேன் என்று சொல்லி எடுத்தவன், உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன். அந்த வாரமே ஏஜென்டிடம் போய் நின்றேன். மாற்றிக் கொடுங்கள், ஆட்களுக்கும் சேர்த்துப் போடுவதையே கொடுங்கள் என்றேன்.

“வேன் விழுந்தா என்ன செய்வீங்க?”

“விழாம ஓட்டுறேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் விசில் அடித்துக்கொண்டு படி இறங்கினேன். வழியிலேயே கதவில் இருந்த எழுத்தையும் சுரண்டிவிட்டேன். நீலத்துக்கு நடுவில் அந்த இடம் வெளுத்தே கிடந்தது. வேன் கடைசிவரை விழவில்லை.

சில வருடங்களில் மருத்துவிச்சியம்மாவுக்கு இந்தியா போகும் முறை வந்தது. எங்களில் பலருக்கு அப்போது இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, அந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறினார்கள். அன்று காலை அவரை ஏற்றப் போனேன். தன் லயத்து வீட்டு வாசலில் நிற்காமல் ரோட்டுக்கு வந்து, வழக்கம்போலக் குடையைக் குறுக்கே நீட்டி வேனை நிறுத்தினார். ஏறி உட்கார்ந்ததும், “என் பேரு ஒன் இன்சூரன்ஸ்ல இருக்கா?” என்று கேட்டார்.

“பேரு போட மாட்டாங்கம்மா. ஆள் கணக்குதான்.”

“அப்ப நானும் ஒரு ஆளு!” என்று வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டேஷன் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இறங்கும்போதுதான் என் தலையில் கை வைத்துச் சொன்னார்: “இந்த நாட்டுல என்னைய ஒரு ஆளாக் கணக்கெடுத்தது ஒன் இன்சூரன்ஸ் ஒண்ணுதான்டா தம்பி.”

மகன் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். “ஏறுற ஆளுக்கும் சேர்த்துப் போடு,” என்றேன்.

“இது சாமான் வண்டிப்பா. யாரு ஏறப் போறாங்க?”

அவன் ஓட்டப் போவது டயகம ரோட்டில். அவன் கேள்விக்குப் பதிலை ஏதாவது ஒரு வளைவில் ஒரு குடை சொல்லும்.