டிராக்டர் குட்டிக்கு வைத்த கிரீஸ்

எங்கள் கம்பெனியின் வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவருக்கு ஃபிரிட்ஜ், சமையல்காரம்மாவுக்குக் கட்டில். அவர் வீட்டு ஜெனரேட்டரை இரண்டு தடவை சரிசெய்து கொடுத்த எனக்கு, அவர் மகன் ஓட்டிய குட்டி பைக். பைக் என்றால் இரண்டு சக்கரம் இல்லை, நாலு. தடித்த டயர், கட்டைவிரலால் அமுக்கினால் சீறுகிற பெட்ரோல் எஞ்சின், பின்சக்கரங்களைச் சுற்ற ஒரு செயின், கூடவே ஒரு சிவப்பு ஹெல்மெட். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து படப்பையில் இறக்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. யாரோ டிராக்டர் குட்டி என்றார்கள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அன்று இரவு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே தோசை சாப்பிட்டாள்.

என் மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். அவள் படப்பையிலேயே பிறந்து வளர்ந்தவள், ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை. எங்கள் வீட்டுக்கு எதிரே தார் ரோடு, அதைத் தாண்டினால் மனை போட்டுக் கல் நட்ட பெரிய செம்மண் வெளி. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை, குழந்தை வண்டி ஓட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே போக அந்த ரோட்டைக் கடக்கவேண்டும். ஒரகடம் பக்கம் போகிற டிப்பர் லாரியும் ஷேர் ஆட்டோவும் யாருக்காகவும் நிற்காத ரோடு அது.

"நடுரோட்டுல ஒரே ஒருவாட்டி நின்னுச்சின்னு வையி, காயலான் கடைக்குத்தான். பொண்ணு அழுதாலும் சரி, நீ அழுதாலும் சரி" என்றாள்.

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. மகள் கணக்கில் மார்க் குறைந்தால் கேபிள் கட் என்று ஒரு தடவை சொன்னாள். ஒரு வருஷமாக எங்கள் டிவியில் தூர்தர்ஷன் மட்டும்தான் தெரிந்தது.

நான் கவலைப்படவில்லை. கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ். கன்வேயர் செயினும் அதன் பேரிங்குகளும் என் பொறுப்பு. பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதுசை அடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நானும் அப்படியே அடித்து, என் லைன் செயினால் நின்றதில்லை என்று பேர் வாங்கியிருந்தேன். இந்தச் சுண்டைக்காய் வண்டி எனக்கு எம்மாத்திரம்? கடையில் புது கிரீஸ் டப்பா ஒன்று வாங்கிவந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு விரலால் வழித்துச் செயின் முழுக்க அப்பினேன். தொய்வாக இருந்த செயினைக் கன்வேயர் மாதிரி விறைப்பாக இழுத்தும் வைத்தேன். மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நம்பினாள். எனக்கும் அதே நினைப்புதான்.

ஒரு மாதத்தில் செயின் நறநறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இன்னும் கிரீஸ் வைத்தேன். இரண்டு நாள் அடங்கி, மறுபடி முன்னைவிடப் பெரிதாகக் கத்தியது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. டப்பாவையே காலி செய்துவிடுவது என்று மேலும் அப்பி, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு மனைவிக்குக் கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை. வழக்கம்போல நான் லுங்கியோடு ரோட்டில் இறங்கி இரண்டு பக்கமும் கையைக் காட்ட, மகள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். சரியாக நடுரோட்டில் டப்பென்று ஒரு சத்தம். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கிற லாக் தெறித்து, செயின் கருப்பாகத் தாரில் விழுந்து கிடந்தது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு டிப்பர் வந்துகொண்டிருந்தது.

நான் குழந்தையை அப்படியே இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்பரைப் பார்த்துக் கத்தினேன். அது நிறையத் தூரத்தில்தான் இருந்தது, மெதுவாகவே வந்து நின்றது. ஆனாலும் அந்த நிமிஷம் பட்ட பயத்தை இதுவரை வேறெதற்கும் பட்டதில்லை. மகள் அழவில்லை. என் காதில் கேட்டாள், "அம்மாக்குத் தெரியாதுல்லப்பா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் வண்டியைத் தூக்கிவிட இறங்கினார்கள். மூன்றாவதாக, டிபன் கூடையோடு, என் மனைவி இறங்கினாள். கரண்ட் இல்லாததால் ஓ.டி.யை ரத்து செய்துவிட்டார்களாம்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள், வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், மற்ற இருவரோடு சேர்ந்து ஓரத்துக்குத் தூக்கிப் போட்டாள். பிறகு மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் கையில் செயினோடு நின்றேன்.

கால்மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து, செயினை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இதில் என்ன போட்டு வைத்தாய் என்று கேட்டாள். நல்ல கிரீஸ் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கிரீஸும் செம்மண்ணும் கலந்து, உப்புத்தாள் போல ஆகியிருந்தது. எங்கள் கம்பெனி ஷெட்டுக்குள் ஒரு பொட்டு மண் கிடையாது. இது தினமும் மண்ணில் புரள்கிற வண்டி என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"தையல் மிஷினுக்கு ஒரு சொட்டுதான் வுடுவோம். வுட்டுட்டுத் தொடைப்போம். வேஸ்ட் துணியில தெச்சிப் பாப்போம், கறை நிக்கிறவரிக்கும். நீ இன்னாய்யா, விருந்தாளிக்குச் சோறு போடுற மாரி போட்டுகீற" என்றாள்.

அன்று மத்தியானம் அவள் சொல்ல நான் செய்தேன். பழைய பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, டூத் பிரஷ்ஷால் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். புது லாக் வாங்கி மாட்டி, பின்பக்கத்தைச் செங்கல்லில் தூக்கிவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கம் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறவிட்டு, துடைத்தோம். அவள் கம்பெனிக் கட்டிங்கில் மிஞ்சிய வெள்ளைத் துணியைச் செயின்மேல் அழுத்திப் பார்த்தாள். கறை. மறுபடி துடை என்றாள். மூன்றாவது துணியில்தான் விட்டாள்.

மகளை உட்காரச் சொல்லிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, செயின் இன்னும் விறைத்தது. நான் ஆள் இல்லாத வண்டிக்கு அளவு வைத்திருந்தேன். கன்வேயர்மேல் குழந்தை உட்காருவதில்லை. அவளை உட்காரவைத்தே ஒரு விரல் ஆடுகிற அளவுக்குத் தளர்த்தினேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் வண்டியின் கதி என்ன என்று மனைவி சொல்லவில்லை. வாரம் முழுக்க மகளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் தெருவில் காயலான் கடைக்காரரின் மணி கேட்டது. மகள் ஓடிப்போய் வண்டியில் ஏறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். மனைவி உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னாள்.

அவள் வெளியே வந்தாள். கையில் என் கிரீஸ் டப்பா. அதை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மகள் மெதுவாகக் கேட்டாள், "வண்டி?"

"வண்டி எங்கடி நின்னுச்சி? உங்கப்பாதான நிறுத்திட்டாரு."

காயலான் கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குற்றம் முழுவதையும் என் தலையில் கட்டியதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.