மூடிய கம்பெனிகளைத் தேடிப் போனோம்

புதுமையையும் சிறுதொழிலையும் அரசாங்கம் எப்படி வளர்க்கலாம் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். ஒரு பெரிய ஆய்வைச் செய்து முடித்தால் பேராசிரியர் ஆகலாம் என்றார்கள். ஆய்வும் வந்தது. பாயான் லெப்பாஸில் உள்ள பெரிய மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பொருள் செய்து கொடுக்க முயலும் சிறு கம்பெனிகளுக்காக ஓர் அரசு அமைப்பு உதவித் திட்டம் நடத்தியது. அதனால் பலன் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திட்டம் நல்லதா என்று கேட்க, இன்னும் நடந்துகொண்டிருக்கும் கம்பெனிகளிடம்தான் போவோம். அங்கே வரவேற்பறை இருக்கும், குளிர்சாதனம் இருக்கும், குடிக்க மைலோ கொடுப்பார்கள். மூடிய கம்பெனிக்கு விலாசமே இருக்காது. மருந்து குடித்துப் பிழைத்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு, மருந்துக்கு நற்சான்று கொடுக்கும் கூத்து இது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அதனால் கம்பெனியை மூடியவர்களைத் தேடிப் போனேன். என்னோடு ஆய்வில் இருந்த இன்னோர் இணைப் பேராசிரியரும் வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், எனக்கு அவர் தம்பி. பட்டர்வொர்த்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும்போது அவை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவியைச் செய்தவர். இப்போது சலவைக் கடை நடத்துகிறார்.

"பெரிய கம்பெனி ஆர்டர காட்டுனாதான் உதவின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பெரிய கம்பெனிக்குப் போனா, உதவி வாங்கி டெஸ்ட் பண்ணிட்டு வா, அப்புறம் ஆர்டர் தரேங்குறான். நான் எங்கதான் லா போறது?" என்றார்.

தாசேக் கெலுகோர் என்ற ஊர் வரை போனோம். போன இடமெல்லாம் இதே கதைதான். திரும்பி வரும்போது காரில் என்னைவிடத் தம்பிக்குத்தான் கோபம். "இது அநியாயம்கா. இத எழுதாம விடக் கூடாது," என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். எழுதினோம். அறிக்கையின் நான்காவது அத்தியாயம் முழுக்க அவர்கள்தான்.

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் நம்மவர்தான், தமிழர்.

"நாலாவது சாப்டர எடுத்துடுங்க டாக்டர். திட்டம் நடத்துறவங்களுக்குப் புடிக்கல. எடுத்துட்டா உங்க ப்ரொமோஷன் ஃபைல் இந்த மாசமே மேல போயிடும். ஏன் லா வீண் சண்ட?"

எனக்குப் பதவி ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பேராசிரியர் என்று போட்டு என் பெயரை எழுதிப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சலவைக் கடைப் பெண்ணும் மற்றவர்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒருமுறை கம்பெனியை இழந்தார்கள். இப்போது, அப்படி யாரும் இருந்ததே இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நாலாவத எடுத்தா மத்த மூணும் பொய் சார். அப்படியே என் பேரையும் எடுத்துடுங்க."

"அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பளபளவென்று மூன்று அத்தியாயங்களோடு அறிக்கை வெளிவந்தது. அட்டையில் ஒரே ஒரு பெயர், காரில் கோபப்பட்டவருடையது. நான்காவதை என் பெயரில் தனிக் கட்டுரையாக ஓர் ஆய்விதழில் வெளியிட்டேன். எங்கள் துறையில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் தம்பி பேராசிரியரானார். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் விருந்து வைத்தார். நான் வரமாட்டேன் என்று பலர் நினைத்திருப்பார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பரிசையும் ஜிகினாத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். அவர் அங்கேயே பிரித்தார். உள்ளே என் கட்டுரை.

"அக்கா, இதுல உள்ளவங்கள நானும்தானே உங்ககூட வந்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஆமா தம்பி. அதனாலதான் உங்களுக்குக் கொண்டாந்தேன்."

மேசையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "அந்த அறிக்கையில நீங்களும் பேரு போட்டிருக்கலாம்லக்கா," என்றார்.

"நீங்களும் உங்க பேர எடுத்திருக்கலாம்," என்றேன்.

பிரியாணி அருமையாக இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.