சந்திரமௌலியின் தலைக்கு மேலே வற்றல்

இந்த ஏப்ரலில் எங்கள் நிக்டிக் காலனியில் வெயிலைத் திட்டாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வனஜா அக்காவின் வாய். மற்ற எல்லாவற்றையும் திட்டும். வெயிலை மட்டும் திட்டாது. நாற்பத்தொரு டிகிரி என்று டிவியில் சொன்ன அன்று கட்டடமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அவள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு ரெண்டு ஏறணும் தங்கராசு. அப்பத்தான் ஒரே நாள்ல காயும்" என்றாள். உச்சி மண்டை கொதிக்கத் தொட்டிக்குள் தலையை விட்டு நின்றிருந்தவன் நான். அந்த நேரத்தில் அவளைத் தள்ளிவிட்டிருந்தால்கூடப் பாவம் இல்லை என்று தோன்றியது.

இந்தக் கட்டடத்துக்கு பம்ப் போடுகிறவன் நான். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது. வந்ததை மேலே ஏற்றி, எந்த வீட்டுக்கு எத்தனை மணி வரை என்று வால்வைத் திருப்புவேன். திருப்பினாலும் வசவு, மூடினாலும் வசவு. மொட்டை மாடிச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை எனக்கு இவ்வளவு தெரியும்.

வனஜா அக்கா திண்டுக்கல் பக்கம். கல்யாணமாகி இந்த மராட்டி ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் சூர்யநாராயணன் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். கம்பெனியை ஒருநாள் காலையில் பூட்டிவிட்டார்கள். அவர் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து செத்துப்போனார். அவர் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருஷத்தில்தான் இவள் கூழ் கிண்ட ஆரம்பித்தாள். பாணேரில் பெரிய பெரிய ஃபிளாட்டுகளில் இருக்கிற சென்னை, கோயமுத்தூர் ஐடி வீடுகளுக்கு இவள் வற்றல்தான். அவர்கள் வடாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வாங்கிப் போவார்கள். சிரித்துப் பேசி விற்கிற ஆள் இல்லை அவள். ஒரு பெண் போன வருஷம் காரம் கொஞ்சம் குறைச்சுப் போடலாமே ஆன்ட்டி என்று கேட்டதற்கு, காரம் வேண்டாமென்றால் பிஸ்கட் வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் இந்த வருஷமும் வந்தது.

மகள் ரோஹிணி ஹடப்சரில் இருக்கிறாள். அம்மா இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். இவள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பினாள். அங்கே பன்னிரண்டு மாடி, மொட்டை மாடிக்கு நிரந்தரப் பூட்டு. வெயில் இல்லாத வீட்டில் எனக்கென்ன வேலை என்றாள். மார்ச் கடைசியிலிருந்து மே பாதி வரை கிடைக்கிற வெயில்தான் அவளுக்கு வருஷச் சாப்பாடு. மிச்ச மாதமெல்லாம் மழையும் மப்பும்.

வேலை இப்படி. பால்காரன் வருவதற்கு முன்னால் கூழ் கிண்டி முடித்திருப்பாள். விடிந்ததும் அண்டாவை மேலே தூக்க வேண்டும். நான்தான் ஒரு பக்கம் பிடிப்பேன். பழைய வெள்ளை வேட்டிகளை நனைத்துப் பிழிந்து தரையில் விரிப்பாள். ஏழெட்டு வேட்டி. எல்லாம் சூர்யநாராயணன் கட்டினது. அதன்மேல் முறுக்கு நாழியில் கூழைப் பிழிந்துகொண்டே போவாள். ஒன்பது மணிக்கு இடம் முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு கிழிந்த கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் குச்சியோடு புறாவை விரட்டி உட்கார்ந்திருப்பாள். கூழ் கிண்டியாயிற்று என்றால் அன்றைக்கே பிழிய வேண்டும், அன்றைக்கே பாதியாவது காய வேண்டும். இல்லாவிட்டால் புளித்துவிடும்.

அவள் பிழிகிற இடத்துக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், சந்திரமௌலி சார் வீடு. பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம். அவர் சம்சாரம் ருக்மிணி அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கை கால் விழுந்துவிட்டது. படுக்கைதான். ஏசி இருக்கிறது. ஆனால் குளிர்காற்று பட்டால் அந்த வலது கை சுருட்டிக்கொண்டு வலியில் அழுவார். அதனால் ஃபேன்தான். ஃபேன் மேலே இருக்கிற தளத்துச் சூட்டை வாங்கி அந்த அம்மா முகத்தில் வீசும்.

பம்ப் போடுகிற என்னை விட்டால், எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிற வீடு இவர்கள் இரண்டும்தான். இரண்டும் பேசிக்கொள்ளாது. ருக்மிணி அம்மா நன்றாக இருந்த காலத்தில் உப்பு ஜாஸ்தி என்று ஒரு பை வற்றலைத் திருப்பி அனுப்பினார். வனஜா அக்கா இன்னும் அதை மறக்கவில்லை. சண்டை என்று வந்தால் இருவரும் மராட்டியில்தான் போடுவார்கள். தமிழில் போட்டால் சாட்சி கிடையாதே.

ஏப்ரல் இரண்டாம் வாரம் சொசைட்டிக் கூட்டம் நடந்தது. கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்திரமௌலி சார் எழுந்து, கையில் காகிதத்தோடு, சுத்தமான பேங்க் மராட்டியில் பேசினார். நோயாளி தலைக்கு மேலே விடியற்காலையில் தொம்தொம் என்று நடக்கிறார்கள், அண்டாவை இழுக்கிறார்கள் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புறா எச்சம் விழுகிற தரையில் செய்து ஊரெல்லாம் விற்கிறார்கள், யாருக்காவது வயிற்றுக்கு வந்தால் கட்டடத்துக்குத்தான் கெட்ட பெயர் என்றார். அக்கா சந்தை மராட்டியில் பதிலுக்குக் கத்தினாள். காகிதத்தில் எழுதி வைத்துப் பேசுகிறவன் முன்னால் கத்துகிறவள் எங்கே ஜெயிப்பாள். செக்ரட்டரி மாதவ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சந்திரமௌலி வீட்டுக்கு மேலே இருக்கிற பாதியில் யாரும் கால் வைக்கக் கூடாது. சித்தி என்கிற மாதிரி அக்காவைக் காகூ என்று கூப்பிட்டு, நீங்கள் தொட்டிப் பக்கத்துப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தொட்டிப் பக்கத்தில் மதியத்துக்கு மேல் தொட்டி நிழல். புறாக்கள் குடியிருப்பதும் அங்கேதான். முதல் நாள் போட்டது சாயங்காலம் வரை மெத்தென்று இருந்தது. மூன்றாம் நாள் ஒரு அண்டா முழுக்கப் புளித்த வாடை. நான் பார்க்க அதை அப்படியே வாரி வாளியில் போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழே இரண்டு மராட்டி வீடுகள், சொல்லி வைத்திருந்த வற்றலை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. புறா எச்சம் என்ற பேச்சு பாணேர் வரை போக எத்தனை நாள் ஆகும்? அதுதான் அவளுக்குப் பயம். இடம் போனால் வேறு இடம் தேடலாம். கை சுத்தமில்லை என்று பெயர் வந்தால் அதோடு முடிந்தது.

அதற்குள் வெயில் அவள் கேட்ட இரண்டு டிகிரியையும் கொடுத்துவிட்டது. காற்று அடித்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமை கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு வியாழன் மதியம் சந்திரமௌலி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு படியேறி, குழாயைத் திறந்து தன் பாதித் தளத்தின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் மூடினேன். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, ஆறு வீடு குளிக்காது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை வாங்கி வந்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து விரித்தார். மதியக் காற்றில் ஒன்று பறந்து அடுத்த காம்பவுண்டு வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொன்றை எடுத்துவிடச் சொல்லி மாதவே என்னை அனுப்பினார். அந்தப் பாதியில் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே காகா, ஆளுக்கொரு சட்டமா என்று சாரிடம் கேட்டாராம். தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, குடைக்குள்ளிருந்து சத்தமாகவே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் சார் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். அந்த அறையில் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. ருக்மிணி அம்மா நெற்றியில் ஈரத்துணி. உதடு வெடித்திருந்தது. காலையில் டாக்டர் வந்து சலைன் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். சுவரில் ஒரு வெப்பமானி. பக்கத்தில் காலண்டரில் தினமும் நாலு மணிக்கு எவ்வளவு என்று பென்சிலால் குறித்திருந்தார். பேங்க்காரர் அல்லவா.

"தங்கராஜ், இங்க பாரு. அவா மேல வேஷ்டி விரிச்சிருந்த நாள்லாம் முப்பத்தாறைத் தாண்டலை. மத்தியானம் இவ தூங்கினா. அந்தண்டை மாத்தினதுலேர்ந்து நாப்பது."

ஈர வேட்டியும் ஈரக் கூழும் நாள் முழுக்க அவர் தலைக்கு மேல் குடை பிடித்திருக்கிறது. அதைத்தான் இந்த மனுஷன் காகிதம் எழுதி விரட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த அம்மா பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அவாளைப் பழைய இடத்துலயே போட்டுக்கச் சொல்லு. எனக்கு ஆட்சேபம் இல்லை. மாதவுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் குடுத்துடறேன்."

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அக்காவிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அடுத்த அண்டாவுக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. தொட்டி நிழலில் இதுவும் புளித்தால் அவள் கையில் வேறு அரிசி இல்லை. எனக்கு அது தெரியும். அதனால் உடனே சரி என்பாள் என்று நினைத்தேன்.

"லெட்டரா? லெட்டரை மாதவ் பீரோவுல வச்சுப் பூட்டுவான். வெயில் தணிஞ்சதும் இந்தாளு இன்னொரு லெட்டர் எழுதுவாரு. எச்சம்னு சொன்னது நாலு பேரு முன்னால. மராட்டியில. அங்கயே நின்னு, மராட்டியிலயே, அது பொய்யின்னு சொல்லட்டும். அப்புறம் ஏறுறேன்."

"அந்தம்மா கிடக்கிற கிடை பார்த்தா..."

"அதை அவரு பார்த்தாரா? பொண்டாட்டி கிடக்கையில காயிதம் எழுதத் தெரிஞ்சுதில்ல. இப்ப வாயைத் திறக்கட்டும்."

இதைச் சாரிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு முகம் கறுத்துப்போனது. எழுபது வயசில் ஒரு வத்தல்காரி முன்னால் நின்று மன்னிப்பா என்றார். மன்னிப்பு அவள் கேட்கவில்லை, பொய் என்று சொன்னால் போதும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவும் இறங்கி வரவில்லை. ஊறின அரிசியை வீணாக்காமல் அரைத்து, கட்டடத்துக்கே தோசை மாவாகக் கொடுத்தாள். சந்திரமௌலி வீடு தவிர. அவள் கல்நெஞ்சக்காரி என்று நான் நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கூட்டத்தில் போன பெயர் ரகசியமாகத் திரும்பி வராது. அதில் அவள் சொன்னது சரிதான்.

மறுநாள், நாற்பத்துநாலு அடித்த சனிக்கிழமை, ருக்மிணி அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. டாக்டர் மறுபடி வந்தார். ஆஸ்பத்திரியில் இடமில்லை, எல்லாம் வெயில் கேஸ், வீட்டு அறையை எப்படியாவது குளிர வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே சார் மாதவிடம் போய் அவசரக் கூட்டம் போடச் சொன்னாராம்.

ஞாயிறு காலை அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தத் தடவை கையில் காகிதம் இல்லை. சார் எழுந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு மராட்டியில் மூன்று வாக்கியம் சொன்னார். மேலே இவர் வேலை செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சாமான் அசுத்தம் என்று நான் சொன்னது உண்மையில்லை. நான் மேலே போய்ப் பார்க்காமலே சொன்னேன்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மராட்டியில், "ஐக்கு ஆலா நாஹி" என்றாள். காதில் விழவில்லையாம்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சார் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையைத் தூக்கி, அவளையே பார்த்து, மூன்று வாக்கியத்தையும் மறுபடி உரக்கச் சொன்னார். ஒரு வார்த்தை குறையவில்லை. சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார். மாதவ் அந்தத் தடையை நோட்டில் அடித்தார். வேண்டாம் என்று சொன்ன இரண்டு வீடுகளில் ஒன்று அங்கேயே காகூ எங்களுக்கும் எடுத்து வையுங்கள் என்றது. இவள், பார்க்கலாம் என்றாள். அன்றைக்கே கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கி ஊறப்போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். தரை அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் வேட்டிகளை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய பாதியின் நடுவில் நின்றாள்.

"அந்தம்மா கட்டில் எந்தப் பக்கம் கிடக்கு?"

கிழக்கு மூலையைக் காட்டினேன். அங்கே அவள் எப்போதும் விரிக்கமாட்டாள். கைப்பிடிச் சுவர் தடுப்பதால் காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் வரும். இரண்டு வேட்டியை இரட்டையாக மடித்து அங்கேயே விரித்தாள். மற்றதை அதிலிருந்து தொடங்கிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

சாருடைய ஹால் எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். அண்டாவை அங்கே இழுத்துப் போய், ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கட்டடமே அதிர ணங்கென்று போட்டாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. "ம்" என்றபடி அவள் நாழியில் கூழை நிரப்பினாள்.