பரீட்சை முடியட்டும், அப்புறம் பாடம்

வாத்தியார் வேலை என்றால் பாடம் நடத்துவது என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. நானும் அப்படி வந்தவள்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, முழுநேர வேலை பரீட்சை வைப்பது. ஒரு பரீட்சைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரத்தில் கொஞ்சம் பாடமும் நடத்திக்கொள்ளலாம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டுக்குள் நடந்தே போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. அங்கே தமிழ்வழி எட்டாம் வகுப்பு என் பொறுப்பு. வீட்டில் படிக்கிற பிள்ளை வைத்திருக்கும் எல்லோரும் எனக்கு உறவுதான். உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

முத்து முத்தான கையெழுத்து

போன வருஷம் என் வகுப்பில் மகேஸ்வரி என்றொரு பெண். அம்மா நிலக்கடலைக் காட்டில் களை வெட்டப் போகிறவர். பிள்ளையின் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முதல் யூனிட் டெஸ்டில் அவளுக்குத்தான் அதிக மார்க். மற்றவர்களும் கேட்கட்டுமே என்று விடைத்தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"தாளைப் பாத்துப் படி கண்ணு" என்றேன். தாளை விரித்தாள். வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு விடையையும் பத்துப் பத்துத் தடவை எழுத வைத்தே ஏழு வகுப்பு தாண்ட வைத்திருக்கிறோம். எழுதி எழுதிக் கைக்குப் பாடமாகிவிட்டது. மற்றவர்கள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டு வாய்க்கும் பாடமாகிவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, அவள் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்: "பாத்தா வராதுங்க டீச்சர். பாக்காமச் சொன்னாத்தான் வருமுங்க."

அரை மணி நேரம்

எட்டோடு விட்டால் போச்சு. ஒன்பது, பத்து என்று போய்விட்டால் நூறு சதவீதத் தேர்ச்சி என்கிற ஒரே பேச்சுதான். அங்கே எழுத்துக் கூட்டச் சொல்லித்தர ஒருவருக்கும் பொழுதிருக்காது. அதனால் இவளைப் போல இருந்த நாலைந்து பேருக்குத் தினமும் அரை மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கித் தரும்படி ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். மலையாளி, தங்கமான மனுஷர். "ஓணப் பரீட்சை கழியட்டும்" என்றார். ஓணம் கழிந்தது. "கிறிஸ்துமஸ் பரீட்சை கழியட்டும்" என்றார். அதுவும் கழிந்தது. அதற்குப் பிறகு மாதிரிப் பரீட்சை, மாதிரிக்கு ஒரு முன்மாதிரி.

மூன்றாம் முறை போய் நின்றபோது அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மேசை மேல் அடுத்த டெஸ்டுக்கான கேள்வித்தாள் கட்டு. அதைத் தட்டியபடியே கேட்டார்: "டீச்சரே, வாசிக்கத் தெரியுமான்னு ஒரு பரீட்சையிலயும் கேள்வி வராதல்லோ?"

வரிசை தவறாத விடைகள்

மாதிரிப் பரீட்சைகளில் எப்போதும் முதல் கேள்வி ஊரைப் பற்றிய கட்டுரை, இரண்டாவது சுகாதார அதிகாரிக்குக் கடிதம். மார்ச் மாத முழுப் பரீட்சையில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். மகேஸ்வரி நம்பரை மட்டும் பார்த்து, எப்போதும் போல எழுதிவிட்டாள். சுகாதார அதிகாரிக்குக் கடிதம் போக வேண்டிய இடத்தில் எங்கள் ஊரின் தென்னந்தோப்புகளும் வாய்க்காலும் செழித்துக் கிடந்தன. கீழே இருந்த கேள்விகளிலும் இதே கதை. குறைந்தபட்ச மார்க்குக்கும் கீழே போனாள்.

அந்த அறைக்கு மேற்பார்வை பார்த்தவர் எங்கள் கணக்கு வாத்தியார் சுரேஷ் மாஷ். ஸ்டாஃப் ரூமில் அவள் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்: "புள்ள எழுதுனதெல்லாம் சரிதானுங்க டீச்சர், கேள்விதான் எடம் மாறி உக்காந்திருக்குது."

குழந்தைகளுக்கு எட்டாத இடம்

அப்படித் தோற்றவர்களுக்குக் கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு, அதன் முடிவில் மறுபரீட்சை. ஏப்ரல் வெயிலில் ஐந்தே பிள்ளைகள். டெஸ்ட் இல்லை, மணி இல்லை. வருஷம் முழுக்கக் கேட்டும் கிடைக்காத அரை மணி நேரம் இப்போது நாள் முழுக்கக் கிடைத்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். "வீட்டில் எழுத்து அச்சடித்த எது இருந்தாலும் கொண்டுவாங்க" என்றேன். கோயில் நோன்பு நோட்டீஸ், கோயமுத்தூர் நகைக்கடைப் பை, மாட்டுத் தீவனச் சாக்கு எல்லாம் வந்தன. பையில் இருந்த விலாசத்தை வாசிப்பதற்குள் எங்களுக்கு மத்தியானம் ஆகிவிடும்.

ஒரு நாள் மகேஸ்வரி கடலைச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று முடித்தாள். முடித்த பிறகு இன்னொரு தடவை தனக்குள் வாசித்துக்கொண்டாள். முகம் மாறிவிட்டது. "டீச்சர், ஊட்டுல இன்னொரு பாக்கெட்டு இருக்குதுங்க. எங்கம்மா அதைய மொளகாப்பொடி டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்குதுங்க."

மறுபரீட்சை

மறுபரீட்சைக்கு முன்னால் ஹெட்மாஸ்டர், அதற்கான விடைகள் எழுதிய தாள்களை என்னிடம் தந்தார். "இதை மனப்பாடம் செய்யச் சொல்லுங்க, பாஸாயிடும்" என்றார். அதை நான் பிள்ளைகளிடம் தந்திருந்தால் மகேஸ்வரி நிச்சயம் தேறியிருப்பாள். அவளுக்கு அது கைவந்த கலை. ஆனால் இப்போதுதான் எழுத்தோடு பழக ஆரம்பித்திருக்கிறாள், மறுபடி சுவரைப் பார்த்து ஒப்பிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பரீட்சையன்று அவள் கேள்வித்தாளில் விரலை வைத்து நிதானமாக வாசித்தாள். வாசித்துப் புரிந்துகொண்டு, தன் சொந்த வார்த்தையில், பிழையும் திருத்தமுமாக எழுதினாள். மணி அடித்தபோது மூன்றாவது கேள்வியில் நின்றுகொண்டிருந்தாள். மார்க் பத்தவில்லை. தேறாவிட்டாலும் மேல் வகுப்புக்கு அனுப்ப விதி இருக்கிறது, அனுப்பிவிட்டோம்; ஆனால் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே "தேறவில்லை" என்று என் கையால்தான் எழுதினேன். பரீட்சையன்று தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவளோ சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவ கேள்விய நானே படிச்சேனுங்க டீச்சர்!"

படிக்கத் தெரியாமல் ஏழு வகுப்பு பாஸானவள், படிக்கத் தெரிந்து எழுதிய முதல் பரீட்சையில் பெயிலானாள். இதைச் செய்து முடித்ததற்கு எனக்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள்.