அப்பாவுக்கு ஒரு தெளிவான படம்

அக்கா கல்யாணமாகித் திண்டிவனம் போக ஒரு வாரம்தான் இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் சோறாக்கியதும் எனக்குத் தலை வாரியதும் அவள்தான். போவதற்குள் அவளைத் தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். புதுச்சேரி மாமா தன் பழைய டிஜிட்டல் கேமராவை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதை இயக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்புக்காரிக்கு அதைவிடப் பெரிய பதவி என்ன வேண்டும்!

அக்காவை வாசலில் நிறுத்தி எடுத்தேன். அப்பா திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மங்கலா இருக்குதும்மா."

எங்கள் மரக்காணத்து உப்புக் காற்று சைக்கிள் செயினையே தின்றுவிடும், கேமரா எம்மாத்திரம்? உப்புப் படிந்திருக்கும் என்று பாவாடை நுனியால் லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். மறுபடியும் மங்கல் என்றார். மாமாவுக்குப் போன் போட்டேன். பூப்படம் போட்ட பட்டனை அழுத்தி வைத்திருந்தேனாம். அது ரொம்பக் கிட்டத்தில் இருப்பதை எடுப்பதற்காம். படம் அழகாக வரும் என்று நானாக நினைத்து வைத்தது அது. மாற்றினேன். பிறகு கை ஆடாமலிருக்க, கவிழ்த்த குடத்தின் மேல் கேமராவை வைத்து எடுத்தேன். அக்காவின் இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம், அப்படி வந்திருந்தது.

"கேமராவுலதான் ஏதோ கோளாறு. உன் மேல தப்பில்லம்மா" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு எடு பாப்பா" என்றாள் மெதுவாக.

எடுத்து, தேம்பிக்கொண்டே நீட்டினேன். அவர் கைக்குப் போவதற்குள் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்துவிட்டது. அந்தக் கறுப்புத் திரையை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் நல்லா வந்திருக்குது. அழுவாதம்மா. அக்கா எப்படி சிரிக்கிறா பாரு."

படமே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை ரத்தம் கட்டும்படி கிள்ளினாள்.

இருபது வருடம் உப்பளத்து வெள்ளை வெயிலில் நின்று உப்பு வாரிய கண் அது. பார்வை போய்க்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்திருக்கிறார். தனக்குத் தெரிந்துவிட்டதை அக்காவும் காட்டிக்கொள்ளவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

கிள்ளியதற்காக மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். எங்களோடு அவள் இருக்கப்போவதே ஒரு வாரம், அதில் மூன்று நாளை இப்படித் தொலைத்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் அக்கா அப்பாவின் காலில் விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை, அவர் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாப் பெண்களும் அழுவதுதானே என்று அதையும் ஒரு படம் எடுத்து, அப்பாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.