அங்கே போய்க் கூப்பிடுகிறேன்

என் உம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒரே பெயர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான், அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உம்மா உட்கார்ந்திருக்கிற வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை அதட்ட முடியுமா? பெற்றவளை அதட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? அதனால் கல்யாணமான மறுநாளிலிருந்தே அவள் எனக்கு 'ஏளா', எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற சொல். உம்மா மவுத்தாகிப் பல வருஷம் ஆன பிறகும் நாக்கு அதிலேயே நின்றுவிட்டது. அவளும் அதற்குத்தான் திரும்புவாள்.

தாராவியில் எனக்குத் தோல்பை தைக்கும் பட்டறை. கீழே பட்டறை, மேலே பலகை அடித்த ஒற்றை அறை. பம்பாய்ப் பேச்சில் கோலி. தோல் நாற்றம் ராப்பகலாக ஏறி வருகிற அந்தக் கோலியில் இருந்துகொண்டு அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான், ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். நகை வேண்டும் என்று வாய் திறந்தவள் இல்லை. அறுபதுகளில் எங்களைப் போன்றவர்களுக்குக் கப்பல்தான். போக நினைப்பவர்கள் அதிகம், இடம் குறைவு, ஆகவே குலுக்கிப் போடுவார்கள். வருஷா வருஷம் பெயர் கொடுப்போம், வருஷா வருஷம் விழாது. விழாத அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறும், பட்டறையில் யார் அகப்பட்டாலும் தொலைந்தான். அவள் மட்டும், அல்லா இருக்கான், அவன் கூப்பிடும்போது போவோம் என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே பயம் அங்குள்ள கூட்டம். போய்வந்த பெண்கள் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி மிரட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் எனக்குச் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்புட்டுக் கூட்டத்துல நான் தொலஞ்சு போயிட்டா எப்படிக் கூப்பிடுவிய? ஏளான்னா? அரபுக்காரிக்கு ஏளா தெரியுமா?"

"நீ தொல, அங்க போயி உம் பேரச் சொல்லிக் கூப்பிடுதேன்."

"அப்போ தொலஞ்சிர வேண்டியதுதான்" என்றாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு அது வீட்டில் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. கீழேயிருந்து நான் உரக்க ஏளா என்றால் போதும், இருக்கட்டும், மக்காவில் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலேயிருந்து பதில் வரும்.

ஒரு வருஷம் விழுந்தேவிட்டது. ஹஜ் ஆபீசில் இருந்தவர் "தோனோ கா நம்பர் லக் கயா" என்றார், இரண்டு பேருக்கும் சேர்த்தே. நான் ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னபோது அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய்க் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண் எரிச்சல் தாங்காமல் அழுதாள். இது எந்த அழுகை என்று நான் கேட்கக் கேட்க இன்னும் அழுதாள்.

அன்று தொடங்கியதுதான் மூட்டை கட்டுவது. பருப்புப்பொடி, வறுத்த மாவு, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் கஃபன் துணி. எங்களில் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது, மவுத்தான அன்றைக்கு மேலே சுற்றப்போகிற துணி, அந்தத் தண்ணீரில் நனைந்ததாக இருக்கட்டும் என்று.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதே அவள் கண் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. காமாலை. கப்பலேறினால் சரியாகிவிடும் என்று ஒரே பிடிவாதம். மருந்து, பத்தியம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தோம். கப்பல் புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டாள். அவளுக்கென்று வாங்கிய துணி நனையாமலே போயிற்று.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. போக வேண்டும் என்று மனதில் நிய்யத் வைத்தவளுக்கு ஹஜ் செய்த நன்மை கிடைத்துவிடுமாம், கொடுத்துவைத்தவளாம். கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. நன்மை கிடைக்கட்டும் ஐயா, யார் வேண்டாம் என்றது? அவள் கப்பலைக்கூடப் பார்க்கவில்லையே. அவன் கூப்பிடும்போது போவோம் என்றாளே, கூப்பிட்டவன் வேறு இடத்துக்கல்லவா கூப்பிட்டுக்கொண்டான். அப்படிப் பேசக்கூடாதுதான். பேசினேன்.

நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். பம்பாயிலேயே சுனாபட்டியில் கட்டிக்கொடுத்த மகள் வந்தாள். ஒரே மகள். மூட்டையெல்லாம் பிரித்துச் சாமானை நீயே எடுத்துக்கொள் என்றேன்.

"உம்மா கட்டுன மூட்டைய நான் அவுக்க மாட்டேன் வாப்பா. நீங்க கொண்டுட்டுப் போங்க. உம்மாவுக்கும் சேத்துச் செஞ்சிட்டு வாங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கப்பலேறினேன். அவளுக்கும் சேர்த்து. துறைமுகத்தில் மாலையும் அழுகையுமாக ஒரே ஜனம். நான் தனியாக இரண்டு ஆள் சாமானோடு ஏறினேன். என் பக்கத்துப் படுக்கையில் யாரோ ஒரு குஜராத்திக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனாலும் அவர் அங்கே படுத்திருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பொடியும் ஊறுகாயும் தீரவே இல்லை. இரண்டு வயிற்றுக்குக் கட்டியதை ஒரு வயிறு எப்படித் தின்று தீர்க்கும்? கப்பலில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். உங்க வீட்டில் நல்ல கைப்பக்குவம் என்றார்கள். ஆமாம் என்றேன், இறந்துவிட்டாள் என்று சொல்லவில்லை.

கப்பலில் மார்க்கம் படித்த தென்காசிப் பக்கத்து ஆலிம் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன், என் ஹஜ்ஜோடு அவளுடையதையும் சேர்த்துச் செய்துவிடலாமா என்று. முடியாது, முதலில் வருகிறவன் தனக்குத்தான் செய்ய வேண்டும், அவளுக்கு ஹஜ் செய்ய இன்னொரு தடவை வர வேண்டும் என்றார். இன்னொரு தடவை. நான் முகம் செத்துப்போய் நின்றதைப் பார்த்து, எல்லாம் முடிந்தபின் அவங்க பேரில் ஒரு உம்ரா செய்யலாம், அது சின்ன ஹஜ் மாதிரி, அவங்க பெயரைச் சொல்லி நிய்யத் வையுங்கள் என்றார்.

"அவங்க பேரு என்ன?"

எனக்கு வாய் வரவில்லை. மகளுக்கு உம்மா என்றேன். அவர் சிரிக்காமல், அல்லாவுக்குத் தெரியும், இருந்தாலும் நாக்கால் ஒருமுறை சொல்லிப் பழகுங்கள் என்றார்.

தளத்தில் நின்று கடலைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். உம்மா ஞாபகம்தான் வந்தது. அவள் வரவே இல்லை. மறுபடி மறுபடி சொன்னேன், உம்மாதான் வந்தாள். கடைசியில் மாமனார் பெயரைச் சேர்த்து இன்னாருடைய மகள் என்று சொன்ன பிறகுதான் அது அவளுடைய பெயராயிற்று.

ஹஜ் முடிந்தது. அல்லா குறை வைக்கவில்லை. சொன்னபடி ஊர் எல்லைக்கு வெளியே போய் மறுபடி இஹ்ராம் துணி கட்டி, அவள் பெயர் சொல்லி நிய்யத் வைத்தேன். கஅபாவைச் சுற்றினேன், குன்றுகளுக்கிடையே ஓடினேன், முடி இறக்கினேன். அவளுக்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.

வெளியே வந்து நின்றேன். அவள் பயந்த கூட்டம் அதுதான், தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறது. அங்கே போய்க் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? கூப்பிட்டேன். முணுமுணுப்பாக இல்லை, பட்டறையிலிருந்து மேலே கேட்கிற மாதிரி, உரக்க. ஒரு கறுத்த அம்மாள் திரும்பினாள். சிவந்த கிழவி ஒருத்தி திரும்பினாள். இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி நின்று, யார் கூப்பிட்டது என்று தேடினாள். எந்தெந்த ஊர்க்காரிகளோ, எல்லாருக்கும் அவள் பெயர்.

அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அப்புறம் மெதுவாக, ஏளா என்றேன்.

ஒருத்தியும் திரும்பவில்லை.